இரண்டாம் கழுநீர்

தடாவில் எங்கள் விடுதிக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு.
பழவேற்காட்டு உப்பு அதற்குள் எப்படியோ வந்துவிடும்.
சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.
குளித்த தலை காய்ந்ததும்
தேங்காய் நாராய் முறுக்கிக்கொள்ளும்.

கம்பெனி வாசலில் பிசின் உருளையால்
தோளையும் முதுகையும் உருட்டி எடுப்பார்கள்.
தூசியில்லா அறைக்குள்
ஒரு முடிகூடப் போகக் கூடாது.
வலைக்குல்லா, அதன்மேல் நீலக்குல்லா, எட்டு மணி நேரம்.
உருளையில் ஒட்டியதை எண்ணுவது என் பழக்கம்:
மாசி முதல் வாரம் பதினொன்று,
மூன்றாம் வாரம் இருபத்தாறு.
"உன்னாலதான் ரோல் சீக்கிரம் தீருது"
என்றார் சூப்பர்வைசர் நாகபூஷணம்.
சிரிப்பதா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஸ்வர்ணலதாதான் சொன்னாள், சூளூர்ப்பேட்டைக்காரி:
அரிசி கழுவின தண்ணியை ஊத்திப் பாரேன்.
அவள் மொழியில் அதற்குக் குடிதி என்று பேர்.
குடிதியில் விழுந்த எலி என்பார்களாம்,
தத்தளிக்கிறவர்களை.
எங்கள் அறையில் எட்டு எலிகள்.

நூற்றிருபது பேருக்கு அரிசி களைகிற செங்கம்மா
கழுநீரை முனெய்யாவின் எருமைக்கு விடுகிறவள்.
கெஞ்சினோம்.
முதல் தண்ணி தவிடும் தூசியும், அது எருமைக்கு,
இரண்டாம் தண்ணி உங்களுக்கு என்று
இரண்டு மொழியிலும் ஒருமுறை சொல்லி
வாளியைப் பிரித்தாள்.
இந்த எல்லையில் இதுவரை
எந்தத் தண்ணீரும் இவ்வளவு சுலபமாய்ப் பங்காகவில்லை.

ஊற்றினேன். பத்து நிமிடம். அலசினேன்.
அன்றைக்குச் சீப்பு
வகிட்டில் புறப்பட்டு நுனியில்தான் இறங்கியது,
தடாவில் நிற்காத ரயில் போல.

பத்து நிமிடம் நல்லதென்றால் ஓர் இரவு?
ஒரு நாள் தண்ணீர் நல்லதென்றால்
மூன்று நாள் புளித்தது?
பாட்டிலில் அடைத்து லாக்கரில் வைத்தேன்.
நாங்கள் இரவு ஷிப்டில் இருக்கையில் அது வெடித்தது,
எலிசாவின் நிச்சயதார்த்தப் புடவைமேல்.
அவள் நான்கு நாள் பேசவில்லை.
மிச்சத்தைத் தலையில் விட்டுத் துண்டு கட்டிக்கொண்டு
தூங்கினேன்.

ஒரு வாரம்.
மண்டை அரித்தது.
நீலக்குல்லாவின் உட்புறம்
பொரிமாவு உதிர்ந்த மாதிரி வெள்ளை.
முடி விறைத்தது, மடக்கினால் முறிந்தது.
உருளையில் முப்பத்தொன்று.

இஎஸ்ஐ மருந்தகத்தில் டாக்டர் ஷமீம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
முடி உயிரில்லாததும்மா.
சட்டை மாதிரி, கஞ்சி போட்டால் பளபளக்கும்,
ரொம்பப் போட்டால் மடிப்பில் ஒடியும்.
தோலுக்கு உயிர் இருக்கு.
அதுக்குப் பசிச்சா
வாய் வழியாத்தான் போடணும்.
கார்த்திகையில் காய்ச்சல் வந்ததா?

வந்தது. பதினேழு நாள்.

அந்தக் காய்ச்சல்தான்
இப்போ தலையிலிருந்து இறங்குது.

ரத்தம் எட்டு புள்ளி நாலு.
ஐந்து நாற்பதுக்கு வேன்.
செங்கம்மாவின் சோற்றை எத்தனை காலை
பார்க்காமலே ஓடியிருக்கிறேன்,
அது கழுவிய தண்ணீருக்கு மட்டும்
வரிசையில் நின்றுகொண்டு.

இப்போது ஆடி. உருளையில் ஏழு.
வகிட்டோரம் விரற்கடை நீளத்தில் புது முடிகள்,
எந்த வலைக்கும் அடங்காமல் நிற்கின்றன.
இரும்பு மாத்திரையா, காலைச் சோறா,
சும்மா நாள்கள் போனதா?
நாகபூஷணம் கேட்டால்
கழுநீர் என்றுதான் சொல்வேன்.
அவருக்கும் முன்வழுக்கை.

ஞாயிறு மட்டும் எடுக்கிறேன்.
மண்டையில் படாமல், நீளத்துக்கு மட்டும், பத்து நிமிடம்.
கடைசிச் சொம்பு கேன் தண்ணீர்.
மிச்சத்தை நானே கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றுவேன்.
நாங்கள் அள்ளிய வாரங்களில்
பால் அரை லிட்டர் குறைந்தது என்கிறார் முனெய்யா,
இன்னும் கோபம்.
நான் எருமையைப் பார்க்கிறேன்.
அதுவும் இதே உப்புத் தண்ணீரில்தான் குளிக்கிறது.
என்ன ஒரு கறுப்பு.